கச்சேரிக்குத் தூக்கிப் போக ஒரு சின்ன ட்யூப் ஆம்ப்: 5 வாட்டா, 15 வாட்டா?

கேள்வி. ஜூலை 2, 2023

கோவையில் ஒரு பேண்டில் கிட்டார் வாசிக்கிறேன் அண்ணா. ரெஸ்டாரண்ட், காலேஜ், அவ்வப்போது கல்யாண ரிசப்ஷன். இப்போது இருப்பது 40 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப். மெதுவாகத் தட்டினாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே குரலில் பேசுகிறது. ட்யூப் ஆம்ப், அதாவது பழைய ரேடியோ மாதிரி கண்ணாடி வால்வில் ஓடுவது, வாங்க ஆசை. கையில் 45,000 ரூபாய், பைக்கில்தான் கொண்டுபோக வேண்டும். 5 வாட் போதும், மைக் வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். 15 வாட்டுக்குக் கீழே தொடாதே என்கிறார்கள் வேறு சிலர். யாரை நம்புவது?

ஜூலை 2, 2023 இரவு

5 வாட் போதும் தம்பி. ஆறு வருடமாக 5 வாட்டில்தான் வாசிக்கிறேன். இஎல்84 வால்வு ஒன்று, 12ஏஎக்ஸ்7 வால்வு ஒன்று, 8 அங்குல ஸ்பீக்கர், வால்யூமுக்கு ஒரு குமிழ். டோன் குமிழ்கூடக் கிடையாது. ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் பூனைக்குட்டி மாதிரி உட்கார்ந்து வரும். முன்னால் ஒரு எஸ்எம்57 மைக்கை நிறுத்திவிட்டால் மீதியை மைக்செட்காரர் பார்த்துக்கொள்வார். 15 வாட் வாங்கச் சொல்பவர்களுக்கு முதுகு இன்னும் இளமையாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூலை 3

நேற்று அவசரமாக எழுதிவிட்டேன், காரணம் சொல்லவில்லை. ட்யூப் ஆம்பை நாம் தேடிப் போவது அந்தக் கடைசி வால்வு மூச்சுவாங்கும்போது வரும் குரலுக்காக. விரலை அழுத்தினால் கரகரக்கும், தளர்த்தினால் தெளியும். நீங்கள் கேட்பதும் அதைத்தான். பெரிய ஆம்பில் அந்த இடத்துக்குப் போவதற்குள் ரெஸ்டாரண்ட் மேனேஜர் மேடைக்கு வந்துவிடுவார். சின்ன ஆம்பில் அவர் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம்.

பழையதாகத் தேடினால் கண்ணில் படக்கூடியவை: எபிஃபோன் வால்வ் ஜூனியர், ஃபெண்டர் சாம்பியன் 600 (இதில் 6வி6 வால்வு, ஸ்பீக்கர் 6 அங்குலம்தான்), பிளாக்ஸ்டார் எச்டி-5, வாக்ஸ் ஏசி4டிவி, புகேரா வி5. வாக்ஸில் 4, 1, கால் வாட் என்று மாற்றிக்கொள்ளலாம். புகேராவில் 5, 1, 0.1. பூஜ்யம் புள்ளி ஒரு வாட் என்றதும் சிரிக்காதீர்கள். பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால் அதன் அருமை தெரியும்.

மைக் வைக்கும்போது ஸ்பீக்கர் துணியிலிருந்து இரண்டு விரல் தள்ளி, கூம்பின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் வையுங்கள். நட்ட நடுவில் வைத்தால் காதைக் குத்தும்.

ஜூலை 9

மேலே எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

நேற்று வடபழனிப் பக்கம் ஒரு மண்டபத்தில் ரிசப்ஷன். போய் இறங்கினால் மிக்ஸரில் இடமே இல்லை. நாதஸ்வரத்துக்கு ஒன்று, தவிலுக்கு இரண்டு, கீபோர்டு, இரண்டு பாட்டுக்காரர்கள், வாழ்த்துப் பேசுகிறவர்களுக்கு ஒன்று. “கிட்டாருக்கு லைன் இல்ல சார், நீங்க ஆம்ப் வெச்சிருக்கீங்களே” என்றார் மைக்செட்காரர். வைத்திருக்கிறேன். ஐந்தே வாட்.

டிரம்மர் ஸ்டிக்கை எடுத்ததும் நான் காணாமல் போனேன். இரண்டாவது பாட்டுக்குள் வால்யூம் குமிழ் கடைசிக்குப் போய்விட்டது. ஓர் அளவுக்கு மேல் திருப்பினால் சத்தம் கூடுவதில்லை, கரகரப்புதான் கூடுகிறது. மூன்றாவது ஒரு பழைய மெலடி. ஒவ்வொரு நரம்பாக மெதுவாகப் பிரித்து வாசிக்க வேண்டிய இடத்தில் ஆம்ப் எண்ணெய் காய்ந்த வாணலியில் அப்பளம் போட்ட மாதிரி பொரிந்தது. பெண்ணின் பெரியப்பா மேடையோரம் வந்து, அக்கறையாக, “தம்பி, ஸ்பீக்கர் கிழிஞ்சிருக்கு போல” என்றார். எனக்கு 52 வயது. தம்பி என்றதற்காக மன்னித்துவிட்டேன்.

ஆக, சத்தம் எவ்வளவு என்பது பிரச்சினையே இல்லை. டிரம்ஸுக்குப் பக்கத்தில் எவ்வளவு தூரம் தெளிவாக நிற்கும் என்பதுதான் கேள்வி. கரகரப்பாக மட்டுமே வாசிக்கிற ஆளுக்கு 5 வாட் பத்தும். தெளிந்த குரலும் வேண்டும், மைக் கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை என்றால் பத்தாது.

ஜூலை 11

“15 வாட் என்றால் மூன்று மடங்கு சத்தம்” என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை சார். வாட் இரட்டித்தால் 3 டெசிபல் கூடும். 5க்கும் 15க்கும் இடையில் கிட்டத்தட்ட 5 டெசிபல். காதுக்கு இருமடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். அந்த 5 டெசிபல் கேட்டால் தெரியும். என் மெலடியை அது காப்பாற்றியிருக்கும். ஆனால் மூன்று மடங்கு என்பது கடைக்காரர் கணக்கு.

15க்கும் 30க்கும் நடுவே 3 டெசிபல்தான். வாக்ஸ் ஏசி15 வந்தது 1958ல். கூட்டம் கத்துகிற கத்தலில் அது போதவில்லை என்று ஷேடோஸ் குழு கேட்கப்போய்தான் ஏசி30 பிறந்தது. அந்தக் காலத்தில் கிட்டார் ஆம்புக்கு மைக் வைத்து அரங்கு முழுக்க அனுப்பும் வழக்கம் இல்லை. கடைசி வரிசைக்கும் ஆம்பே கத்தியாக வேண்டும். நமக்கு அந்தத் தலையெழுத்து இல்லை. டிரம்மருக்கும் நமக்கும் கேட்டால் போதும்.

ஜூலை 16

தம்பி எடையைப் பற்றிக் கேட்டிருந்தார். இதற்குத்தான் காத்திருந்தேன்.

ஃபெண்டர் புளூஸ் ஜூனியர் சுமார் 14 கிலோ: 15 வாட், இரண்டு இஎல்84, 12 அங்குலம். பிரின்ஸ்டன் ரிவெர்ப் 15 கிலோவைத் தாண்டும், விலையும் நம் பட்ஜெட்டைத் தாண்டும், பார்த்துவிட்டு வரலாம். வாக்ஸ் ஏசி15 சி1 கிட்டத்தட்ட 22 கிலோ. கேட்க அருமை, தூக்க அரிசி மூட்டை. ஏசி10 சுமார் 12 கிலோ, 10 அங்குல ஸ்பீக்கர். ஃபெண்டர் ப்ரோ ஜூனியரும் 10 அங்குலம்தான், ஆனால் 15 வாட். வால்யூம், டோன் என்று இரண்டே குமிழ். சின்னது வேண்டும், தெளிவும் வேண்டும் என்றால் நான் முதலில் தேடுவது இதைத்தான். எதிரொலி வேண்டுமென்றால் பெடல் வைத்துக்கொள்ள வேண்டும்.

கனமெல்லாம் எங்கே போகிறது என்றால் இரண்டு டிரான்ஸ்ஃபார்மரிலும் ஸ்பீக்கர் காந்தத்திலும். வாட் கூடக் கூட டிரான்ஸ்ஃபார்மர் இரும்பும் கூடும், அதில் தள்ளுபடி இல்லை.

இன்னொரு வழி, ஹெட் என்கிற ஆம்பும் கேபினெட் என்கிற ஸ்பீக்கர் பெட்டியும் தனித்தனி. 2006ல் ஆரஞ்சு கம்பெனியின் டைனி டெரர் ஹெட் வந்தபோது எல்லோரும் அதைச் சாப்பாட்டு டப்பா என்று கேலி செய்தார்கள். 15 வாட், 7 வாட்டுக்கு இறக்கிக்கொள்ளலாம், தோளில் மாட்ட ஒரு பை. ஒரே கையில் 14 கிலோ தூக்குவதும் இரண்டு கையில் ஏழேழு கிலோ தூக்குவதும் ஒன்றல்ல. படியேறிப் பார்த்தவனுக்குத் தெரியும். நான் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, 54 படி.

ஹெட் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஸ்பீக்கர் ஒயரை மாட்டாமல் ட்யூப் ஆம்பை வாசிக்கவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். டிரான்சிஸ்டர் ஆம்பில் பழகிய கை இதை மறந்துவிடும்.

ஜூலை 22

பாஸ் கட்டானா என்கிற டிரான்சிஸ்டர் ஆம்பை வாங்கினால் இந்தப் பஞ்சாயத்தே இல்லை என்கிறார் ஒருவர். உண்மை. எங்கள் சர்ச்சில் பையன்கள் அதில்தான் வாசிக்கிறார்கள், நன்றாகவே இருக்கிறது. ட்யூப் வேண்டும், எடையும் வேண்டாம் என்பவர்களுக்கு வாக்ஸ் எம்வி50 என்று ஒன்று 2017ல் வந்தது. 540 கிராம், பாக்கெட் டிக்‌ஷனரி மாதிரி இருக்கும். உள்ளே நியூட்யூப் என்ற சின்னத் தகட்டு வால்வு. கோர்க் நிறுவனமும் பழைய டிஸ்ப்ளேக்கள் செய்கிற நோரிடாகேவும் சேர்ந்து செய்தது. சத்தத்தைப் பெருக்குவது டிரான்சிஸ்டர் வகையறா. 50 வாட் என்பது 4 ஓம் ஸ்பீக்கருக்குத்தான், 8 ஓம் என்றால் 25. அது ட்யூப் ஆம்ப்தானா என்று கேட்டால் சண்டை வரும், நான் வரவில்லை.

ஆனால் தம்பி கேட்டது ட்யூப் ஆம்ப். டீ கேட்டவரிடம் இளநீர் உடம்புக்கு நல்லது என்று சொன்னால் எப்படி?

ஆகஸ்ட் 5

வாங்கிவிட்டேன். நான்தான், தம்பி இல்லை. பழைய 15 வாட் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்), இரண்டு இஎல்84, 12 அங்குலம், 14 கிலோ, 32,000 ரூபாய். பெயர் சொல்லப் போவதில்லை, பின்னால் திட்டவேண்டி வரலாம்.

விற்றவர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. பின்பக்கத் தகட்டில் 120 வோல்ட் என்று போட்டிருக்கிறது. நம்மூரில் 230. அப்படியே செருகினால் சத்தம் வருவதற்கு முன்பே ஃப்யூஸ் போகும், இல்லையென்றால் புகை வரும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றையும் சேர்த்துத் தந்தார், அது தனியாக நாலு கிலோ. அதை நான் எடையில் சேர்க்கவே இல்லை என்பது இரண்டாவது மாடித் திருப்பத்தில்தான் ஞாபகம் வந்தது. பழையது வாங்குகிறவர்கள் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். சில ஆம்பில் வோல்டேஜ் மாற்றும் சுவிட்ச் இருக்கும், பலவற்றில் இருக்காது. ஸ்டெப் டவுன் வோல்டேஜைத்தான் குறைக்கும். அங்கே 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. அங்கிருந்து வந்த டிரான்ஸ்ஃபார்மர் இங்கே கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும்.

ஜெனரேட்டர் இன்னொரு தலைவலி. போன வருடம் ஒரு கிராமத்து நிகழ்ச்சியில் என் வோல்ட் மீட்டர் 270 காட்டியது. வால்வின் ஹீட்டருக்கு 6.3 வோல்ட் போக வேண்டிய இடத்தில் ஏழே காலைத் தாண்டிப் போகும் என்று அர்த்தம். ஹீட்டர் பொறுத்தாலும் உள்ளே உயர் வோல்டேஜும் அதே விகிதத்தில் ஏறும். அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். பிளக்கில் செருகினால் எண் காட்டும் சின்ன மீட்டர் முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கிட்டார் பையில் பிக்கோடு அதுவும் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 6

“ஏழே காலைத் தாண்டி” என்றதற்கு ஒருவர் கணக்குக் கேட்டார். 6.3ஐ 270ஆல் பெருக்கி 230ஆல் வகுத்தால் 7.4. சரிதானே?

செப்டம்பர் 17

திட்டவேண்டி வந்துவிட்டது. ஆனால் ஆம்பை இல்லை, வால்வை. ஒரு மாதமாக ஜி சுரத்தை வாசித்தால் மட்டும் உள்ளே யாரோ கரண்டியைத் தட்டுவது மாதிரி ஒரு கிணுகிணு. முதலில் பின்பலகை ஸ்க்ரூ என்று நினைத்து எல்லாவற்றையும் முடுக்கினேன். போகவில்லை. அப்புறம் பென்சில் முறை. ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு வால்வையும் பென்சிலின் மரப்பக்கத்தால் மெல்லத் தட்ட வேண்டும். கெட்டது எதுவோ அது ஸ்பீக்கரில் மணியடிக்கும். இடதுபக்க இஎல்84 கோயில் மணி மாதிரி அடித்தது. (வால்வைத் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடிப்பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், பிளக்கைப் பிடுங்கின பிறகும் கண்டென்சரில் கொஞ்ச நேரம் நிற்கும்.)

ஆன்லைனில் ஸ்லோவாகியாவில் செய்த ஜேஜே கிடைக்கும். ஆனால் சனிக்கிழமை ஷோ. ரிச்சி தெருவுக்குப் போனேன். செல்போன் கண்ணாடியும் சிசிடிவியும் விற்கிற கடைகளுக்கு நடுவே, மாடிப்படிக்குக் கீழே ஒரு ரேடியோ மெக்கானிக். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். என் வால்வைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். உச்சியில் வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருந்தது. “காத்து பூரல. பூந்திருந்தா இது சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையாயிடும். இது உள்ள லூசு” என்றார். பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தார். செய்தித்தாளில் சுற்றிய வால்வுகள். அதில் இரண்டு இஎல்84, கண்ணாடியில் பாதி அழிந்த பிஇஎல் முத்திரை. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ஒரு காலத்தில் ரேடியோக்களுக்காகச் செய்தது. நம் தாத்தா வீட்டு ரேடியோவில் பாடியதும் கிட்டார் ஆம்பில் கத்துவதும் பல சமயம் இதே வால்வுதான்.

மேஜை மேல் திறந்து கிடந்த மர்ஃபி ரேடியோவில் செருகிக் காட்டினார். ஆரஞ்சு நிறத்தில் மெல்லச் சிவந்து, அரை நிமிடம் கழித்து செய்தி வாசிக்கும் குரல் வந்தது. இரண்டும் சேர்த்து 900 ரூபாய். ஒரே டின், ஒரே காலத்துச் சரக்கு. ஜோடி பொருந்துமா என்றேன். “வீட்ல எங்க ஜோடியே பொருந்தல” என்றார். பொருந்தியது.

அக்டோபர் 22

இப்போது வாபஸ் வாங்கியதில் பாதியைத் திரும்ப வாபஸ் வாங்குகிறேன்.

எங்கள் பாஸிஸ்ட் வீட்டு ரிகர்சல் அறையில் ஒரு 12 அங்குல கேபினெட் சும்மா கிடந்தது. பழைய 5 வாட் ஆம்பின் 8 அங்குல ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு அதில் மாட்டினேன். இரண்டும் 8 ஓம், அதைப் பார்த்துத்தான் மாட்ட வேண்டும். டிரம்மர் திரும்பிப் பார்த்தார். ஆறு வருடத்தில் முதல் தடவை.

காரணம் எளியது. ஸ்பீக்கருக்கு ஒரு உணர்திறன் எண் உண்டு, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்று. என் 8 அங்குலத்தின் தாளில் 92 என்று இருக்கிறது. அந்த கேபினெட்டில் இருந்த செலஸ்டியன் விண்டேஜ் 30 ஸ்பீக்கருக்கு 100. நடுவில் 8 டெசிபல். அதாவது அதே 5 வாட், காகிதக் கணக்கில் பழைய ஸ்பீக்கரில் 30 வாட் தள்ளியதற்குச் சமம். டெசிபல் பாடம் எடுத்தேனே ஜூலையில், இந்தப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். என் மண்டையில் தோன்றவே இல்லை. வாட் வாட் என்று எல்லோரும் அடித்துக்கொண்ட இழையில் ஸ்பீக்கரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

அன்று மெலடி தெளிவாகவே வந்தது. நாற்காலி மேல் வைத்திருந்தேன், அதுவும் காரணம். தரையில் வைத்தால் ஆம்ப் முழங்காலுக்குத்தான் வாசிக்கிறது.

டிசம்பர் 10

மிக்ஜாம் புயலில் ரிகர்சல் அறைக்குள் இடுப்பளவு தண்ணீர். வியாசர்பாடியில் தரைத்தளம். 15 வாட் காம்போவை பீரோ மேல் ஏற்றி வைத்திருந்தார்கள், தப்பியது. 12 அங்குல கேபினெட் தரையிலேயே நின்றுவிட்டது. மூன்று நாள் கழித்துப் போனபோது பாஸ் டிரம் கதவோரம் ஒதுங்கிக் கிடந்தது. கேபினெட்டின் காகிதக் கூம்பைத் தொட்டால் ஊறிய அப்பளம். காயவைத்து மாட்டிப் பார்த்தோம், சுருள் உரசிக் கீச்சென்றது. போனது போனதுதான்.

நனைந்த ஆம்பைக் காய்ந்துவிட்டது என்று நினைத்துச் செருகிவிடாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் சுருளுக்குள் ஈரம் வாரக்கணக்கில் இருக்கும். தெரிந்த மெக்கானிக் பார்த்தபிறகு போடுங்கள்.

கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்டுக்கு இந்த வருடம் பேட்டரியில் ஓடும் ரோலண்ட் மைக்ரோ க்யூப்தான், ஆட்டோவின் பின்சீட்டில். ட்யூபுக்கு இங்கே வேலையே இல்லை. தெருவில் யாரும் குரல் வித்தியாசம் கேட்கவில்லை, கேக்தான் கேட்டார்கள்.

ஜனவரி 14, 2024

தம்பி வாங்கிவிட்டாராம். பொங்கல் வாழ்த்தோடு படமும் அனுப்பியிருக்கிறார். 5 வாட்டா 15 வாட்டா என்று ஆறு மாதம் நாம் மண்டையை உடைத்துக்கொண்டதற்கு அவர் எடுத்த முடிவு: பழைய லேனி கப் 10. 10 வாட், இரண்டு 6வி6, 10 அங்குலம். பஞ்சாயத்தில் பாதிப்பாதி என்று தீர்ப்பு சொன்ன மாதிரி.

கிண்டல் இருக்கட்டும், நல்ல தேர்வு. 6வி6 இஎல்84ஐவிட உருண்டையாகப் பேசும், கூர்மை குறைவு. உங்கள் மெலடிகளுக்கு ஏற்றது. ஒன்று செய்யுங்கள்: அதே மதிப்புள்ள ஃப்யூஸ் இரண்டு வாங்கி, ஆம்பின் உள்பக்கப் பலகையில் டேப் போட்டு ஒட்டிக்கொள்ளுங்கள். மதிப்பு பின்பக்கம் எழுதியிருக்கும். இரவு பத்து மணிக்கு மண்டபத்தில் ஃப்யூஸ் தேடி அலைந்த அனுபவத்தில் சொல்கிறேன். அலைந்து கிடைக்காமல் சிகரெட் ஃபாயில் சுற்றித் தருகிறேன் என்று ஒருவர் வருவார். அவரை மேடைக்கே விடாதீர்கள்.

மார்ச் 3

புது 12 அங்குலம் வாங்கி, தச்சரிடம் சொல்லி மெல்லிய பிளைவுட்டில் கேபினெட் அடித்தாயிற்று. நியோடிமியம் காந்தம், ஸ்பீக்கர் மட்டும் இரண்டு கிலோவுக்குள். சாதாரணக் காந்தம் என்றால் அதே அளவுக்கு மூன்றரையிலிருந்து ஐந்து கிலோ வரை போகும். ஒரு கையில் பழைய 5 வாட், இன்னொரு கையில் கேபினெட். 54 படியை ஒரே மூச்சில் இறங்குகிறேன், ஏறும்போது நடுவில் ஒரு தடவை நிற்கிறேன்.

ஆகவே 15 வாட் காம்போ விற்பனைக்கு. புது பிஇஎல் வால்வு, அதாவது பழைய புது. ஸ்டெப் டவுன் இலவசம். கொரியரில் அனுப்ப மாட்டேன், வால்வு உடைந்தால் பாவம். மூன்றாவது மாடிக்கு வந்து வாசித்துப் பார்க்கலாம், டீ உண்டு. பிடித்திருந்தால் நீங்களேதான் கீழே இறக்கிக்கொள்ள வேண்டும்.